கல்லாவும் கணக்கு நோட்டும் ஒரே கையிலா?

ஒரு கடையில் கல்லாவில் உட்காருகிறவரே ரொக்க ஏட்டையும் எழுதுகிறார். ராத்திரி அந்த ஏட்டைக் கல்லாவுக்குள்ளேயே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இப்படி ஒரு கடையை பி.காம். முதல் வருஷ மாணவனிடம் காட்டினால்கூட "இது என்ன சார் கணக்கு?" என்று சிரிப்பான்.

அதே கடையின் மாடியில் ஒரு சர்வர் இருக்கிறது. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எந்தக் கோப்பைத் தொட்டார்கள், எந்த பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார்கள் என்ற லாக் முழுக்க அந்த சர்வருக்குள்ளேயே கிடக்கிறது. அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் ஒரே வரியில் அதைத் துடைத்துவிடலாம். இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கேட்டால் வருகிற பதில், "அதெல்லாம் சிஸ்டம்காரர் பாத்துக்குவாரு தம்பி."

இந்தப் பதிவு அந்த "பாத்துக்குவாரு" மேல் எனக்குள்ள கோபம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற நண்பன் ஒருவன் கேட்டான்: "டெபிட்டு கிரெடிட்டு எழுதுறவனுக்கு எதுக்குடா சிஸ்லாக்கு? நீ போய் டாலியைத் திற." நியாயமான கேள்விதான் நண்பா. ஆனால் பதில் உனக்குப் பிடிக்காது. பொட்டி தட்டுகிற உங்களிடம் அதை விட்டதால்தான் அது இந்த நிலைமையில் இருக்கிறது! லாக் என்பது ஒரு கணக்குப் புத்தகம். அதை எழுதுகிறவன் ஒருவன், வைத்திருப்பவன் வேறொருவன், சரிபார்ப்பவன் மூன்றாமவன் என்று இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். கம்ப்யூட்டர் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே வந்துவிட்ட சட்டம்.

என் வகுப்பு நண்பர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பிளஸ் ஒன்னில் குறிப்பேடு, பேரேடு என்று படித்தோமே, லாக் என்பது அந்தக் குறிப்பேடுதான். நடந்தது நடந்த வரிசையில், தேதி நேரத்தோடு, ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. சர்வர் எழுதும். ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் எல்லாமே எழுதும். லாக் ஷிப்பர் என்பது அந்த வரிகளை எழுதப்பட்ட அடுத்த நொடியே வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு சின்ன மென்பொருள். ஒவ்வொரு வவுச்சருக்கும் ஒரு நகல் எடுத்து உடனுக்குடன் தலைமை அலுவலகத்துக்கு ஓடுகிற பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சிஸ்லாக், ஃபைல்பீட், ஃப்ளூயன்ட் பிட், என்எக்ஸ்லாக் என்று பல பெயர்களில் அந்தப் பையன் கிடைக்கிறான். சம்பளம்கூடக் கிடையாது, இலவசமாகவே கிடைப்பவை நிறைய. அப்படியிருந்தும் வேலைக்கு வைக்க மாட்டேன் என்கிறார்கள். வைத்தாலும் அவன் வேலைக்கு வந்தானா என்று பார்க்க மாட்டேன் என்கிறார்கள். என் சண்டை இந்த இரண்டோடும்தான்.

முதல் சண்டைக்கு ஒரு பழைய கதை போதும். 1986 ஆகஸ்ட். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அங்கே கணினிப் பிரிவுக்கு வந்து சேர்கிறார். கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்குத் துறைகளிடம் காசு வசூலிக்கும் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏன் என்று பாருங்கள் என்கிறார்கள். 75 சென்ட்! நம்ம ஊர் ஆடிட்டராக இருந்தால் "ரவுண்டிங் ஆஃப்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். ஸ்டோல் போகவில்லை. தோண்டினார். ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து உள்ளே நுழைந்து, அங்கிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் அகப்பட்டான். எடுத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த கூட்டம் அது. மார்கஸ் ஹெஸ் என்ற அந்த ஆளுக்கு 1990ல் ஜெர்மானிய நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஸ்டோல் இதை 1989ல் புத்தகமாகவே எழுதினார்.

உளவாளி சமாச்சாரத்தை விடுங்கள். அவர் எப்படிக் கண்காணித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். வந்தவன் அந்தக் கணினியில் சூப்பர்யூசர் அதிகாரத்தைப் பிடித்துவிட்டான். அப்படியானால் அந்தக் கணினிக்குள் எதை எழுதி வைத்தாலும் அவனால் பார்க்க முடியும், திருத்த முடியும். கண்காணிக்க ஒரு புரோகிராம் போட்டாலும் அதையும் பார்த்துவிடுவான். ஸ்டோல் என்ன செய்தார்? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வுக்கூடம் முழுக்கச் சுற்றி, யார் யார் மேசையிலோ இருந்த பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் ஐம்பது வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு தொலைபேசி இணைப்பிலும் ஒன்றை மாட்டினார். திருடன் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அவன் கைக்கு எட்டாத காகிதத்தில் விழுந்தது. இன்றைக்கு ஃபைல்பீட் என்றும் ஆர்சிஸ்லாக் என்றும் நாம் பேசுகிற வேலையின் சாரம் அந்தக் காகிதம்தான். எழுதப்பட்டது, எழுதிய இயந்திரத்தின் கையை விட்டுப் போய்விட வேண்டும்.

ஆகவே "எங்க சர்வர்லயே லாக் இருக்கே" என்பவர்களுக்கு என் பதில்: உங்களிடம் இருப்பது லாக் அல்ல. திருடன் அனுமதித்தால் மட்டும் மிஞ்சும் ஒரு கோப்பு. விண்டோஸில் பாதுகாப்பு லாக்கை யாராவது துடைத்தால், துடைத்த செய்தியே 1102 என்ற எண்ணோடு ஒரு வரியாக விழும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த வரியும் அதே வீட்டிலேயே இருந்தால் என்ன பிரயோஜனம்? வீட்டோடு எரித்துவிட்டால் அதுவும் சேர்ந்து எரியும். அது உடனே வெளியே போய்ச் சேர்ந்திருந்தால்தான், "இத்தனை மணிக்கு, இந்தப் பெயரில், இவர் துடைத்தார்" என்று நாளைக்கு யாராவது படிக்க முடியும்.

எரிந்த வீடு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். கல்லூரி நேரம் போக ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். எங்களிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஒரு காலை சர்வரில் எல்லாக் கோப்புகளும் பூட்டிக் கிடந்தன. பணம் கட்டினால் திறப்போம் என்று ஒரு அறிவிப்பு. எப்போது நுழைந்தான்? தெரியாது. எந்த வழியாக? தெரியாது. வாடிக்கையாளர் விவரம் வெளியே போயிற்றா? தெரியாது. லாக்கும் அதே பெட்டிக்குள்தானே இருந்தது, அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. ரவுட்டரை அதற்குள் யாரோ பதற்றத்தில் அணைத்துப் போட்டிருந்தார்கள், அதன் நினைவகத்தில் இருந்த நாலு வரியும் போயிற்று.

எதுவுமே தெரியாத இடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? பழி கீழே இறங்கும். தண்ணீர் மாதிரி, பள்ளத்தைத் தேடி. பில் போடும் அக்கா ஒருவர் முந்தின நாள் ஏதோ ஒரு மெயிலைத் திறந்தாராம். அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் திறந்தது வெறும் விளம்பரமாகவும் இருக்கலாம், வினையாகவும் இருக்கலாம். சொல்வதற்கு ஒரு வரி ஆதாரம் கிடையாது, மறுப்பதற்கும் ஒரு வரி கிடையாது. மாதக் கடைசியில் அவர் வேலையில் இல்லை. லாக் என்பது திருடனைப் பிடிக்க மட்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருடாதவரைக் காப்பாற்றவும் அது ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு கடையில் நடந்ததை ஊதிப் பெரிதாக்குகிறேன் என்று தோன்றினால் பிரிட்டனைப் பாருங்கள். அங்கே அஞ்சல் துறை 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் நடத்திய மென்பொருள். கிளை அஞ்சலகம் நடத்துகிற சாதாரண மனிதர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. "நாங்கள் எடுக்கவில்லை, மென்பொருளில் ஏதோ தப்பு" என்று அவர்கள் கதறினார்கள். "உங்கள் கணக்கை உங்களைத் தவிர யாரும் தொட முடியாது" என்று அஞ்சல் துறை சாதித்தது. 2015 வரைக்கும் 900 பேருக்கும் மேல் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், பலர் சொத்தை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். ஃபுஜிட்சு ஊழியர்களால் தூரத்தில் இருந்தபடியே கிளைக் கணக்குகளுக்குள் நுழைய முடியும் என்பதும், மென்பொருளின் பிழைகளாலேயே கணக்கில் குறைவு வரக்கூடும் என்பதும் 2019 டிசம்பர் தீர்ப்பில் உறுதியானது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அங்கே பதிவுகள் இல்லாமல் இல்லை. இருந்தன. யார் கையில் இருந்தன? குற்றம் சாட்டுகிறவர் கையிலும், மென்பொருள் விற்றவர் கையிலும். குற்றம் சாட்டப்பட்டவரால் அதைத் திறந்து பார்க்க முடியவில்லை. கல்லாவும் கணக்கு நோட்டும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, முதல் சண்டை முடிந்தது. "ஒத்துக்கிட்டோம்பா, லாக் ஷிப்பர் போட்டாச்சு" என்பவர்களோடு இரண்டாவது சண்டை. போட்டாச்சு என்றால் என்ன போட்டீர்கள்? உள்ளே போய்ப் பார்க்கலாம் வாங்க.

சர்வரில் ஷிப்பரை நிறுவலாம். ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வாலில் பொதுவாக அப்படி எதையும் நிறுவ முடியாது. அவற்றுக்குத் தெரிந்த பொது மொழி சிஸ்லாக். எரிக் ஆல்மன் என்பவர் 1980களில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்காகச் செய்தது, பிறகு ஊரே பிடித்துக்கொண்டது. சேகரிக்கும் இயந்திரத்தின் முகவரியை அந்தக் கருவியிடம் சொன்னால் அது அனுப்ப ஆரம்பிக்கும். இதோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். இங்கேதான் ஆரம்பமே.

ஒன்று, எதை அனுப்பச் சொன்னீர்கள்? சிஸ்லாக்கில் 0 முதல் 7 வரை தீவிர எண் உண்டு. 0 என்றால் கொள்ளை போகிறது என்ற மாதிரி, 7 என்றால் வெறும் முணுமுணுப்பு. "எச்சரிக்கை வரைக்கும் போதும், சத்தம் குறையும்" என்று 4ல் நிறுத்திவிடுகிறார்கள். சிஸ்கோ கருவிகளில் லாகின் தோற்றால் அந்தச் செய்தி 4. லாகின் வெற்றி பெற்றால் அது 5. யாரோ கருவியின் அமைப்பை மாற்றினார்கள் என்ற செய்தியும் 5. ஆக 4ல் நிறுத்தினால், பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன நூறு பேர் கணக்கில் வருவார்கள். திறந்து உள்ளே போன ஒருவன் வர மாட்டான். இது என்ன காவல்?

இரண்டு, எப்படி அனுப்பச் சொன்னீர்கள்? பழைய வழக்கம் யுடிபி, போர்ட் 514. அது சாதா தபால் கார்டு. போட்டால் போட்டதுதான், சேர்ந்ததா என்று பதில் வராது. வழியில் நெரிசல் என்றால் தொலைந்துபோகும், தொலைந்ததும் யாருக்கும் தெரியாது. டிசிபியில் அனுப்பினால் ஓரளவு பதிவுத் தபால். டிஎல்எஸ் சேர்த்து 6514 போர்ட்டில் அனுப்பினால் உறையும் ஒட்டியாகிவிட்டது. சில கருவிகளுக்கு யுடிபியை விட்டால் வேறு தெரியாது. சரி, அப்படியானால் அதன் பக்கத்திலேயே, அதே நெட்வொர்க்கில் ஒரு சேகரிப்பானை வை. அங்கிருந்து மேலே போகும் நீண்ட பாதையை நம்பகமான வழியில் அனுப்பு. இதற்கு ராக்கெட் அறிவு வேண்டாம்.

மூன்று, மேலே உள்ள சர்வர் அரை நாள் படுத்துவிட்டால்? ஃபைல்பீட் கோப்பிலிருந்து படிக்கும்போது எதுவரை கொடுத்தோம் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் நெட்வொர்க் வழியாக வந்து விழும் சிஸ்லாக்குக்கு அப்படித் திரும்பிப் படிக்கக் கோப்பு கிடையாது. நடுவில் உள்ள மென்பொருள் அதை எங்கே தேக்கி வைக்கிறது? லாக்ஸ்டாஷ் ஆகட்டும் ஆர்சிஸ்லாக் ஆகட்டும், நாம் தனியாகச் சொல்லாவிட்டால் தேக்கம் நினைவகத்தில்தான். மின்சாரம் போனால் போயிற்று. வட்டில் தேக்கு என்று நாலு வரி எழுத வேண்டும். அந்த நாலு வரியை எழுதாமல் "எங்களிடம் மத்திய லாக் அமைப்பு இருக்கிறது" என்று டெண்டரில் போடுகிறவர்களுக்குக் கை வலிக்காதா?

நான்கு, கடிகாரம். 2001ல் ஆர்எஃப்சி 3164 என்று எழுதி வைத்த பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதம், தேதி, மணி உண்டு. வருஷம் கிடையாது! எந்த நாட்டு நேரம் என்பதும் கிடையாது! வருஷம் போடாத ரொக்க ஏட்டை நீட்டினால் எங்கள் ஆடிட்டர் சார் அதைத் தூக்கி எறிவார். 2009ல் வந்த ஆர்எஃப்சி 5424 இதைச் சரிசெய்துவிட்டது. ஆனாலும் பழைய வடிவத்திலேயே பேசுகிற கருவிகள் இன்னும் உண்டு. ஃபயர்வால் இந்திய நேரத்தில் எழுதும், சர்வர் யுடிசியில் எழுதும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ராத்திரி ஒன்பதுக்கு வந்தவன் மத்தியானம் மூன்றரைக்கு வந்ததாகத் தெரியும். அந்த மத்தியான ஷிஃப்டில் யார் இருந்தார்களோ அவர் தலையில் விடியும். எல்லாக் கருவிகளையும் என்டிபி மூலம் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது பத்து நிமிட வேலை.

ஐந்து, எதை அனுப்பக் கூடாது? இதில் நேர் எதிர்க் கட்சிக்காரர்களையும் திட்ட வேண்டியிருக்கிறது. "எல்லாத்தையும் அள்ளிப் போடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற கட்சி. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனாளர்களையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னது நினைவிருக்கிறதா? ஹேக்கர் வந்ததால் அல்ல. பாஸ்வேர்டுகள் மறைக்கப்படும் முன்பே அவர்களுடைய உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. ஊரில் உள்ள எல்லாக் கருவிகளின் லாக்கையும் ஒரே இடத்தில் சேர்ப்பது நல்லதுதான். அந்த இடத்தில் பாஸ்வேர்டும் ஆதார் எண்ணும் சேர்ந்தால், திருடனுக்கு நாமே மூட்டை கட்டிக் கொடுத்த மாதிரி. ஷிப்பரில் வடிகட்டவும் வரிகளை மறைக்கவும் வசதி இருக்கிறது. எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று ஒரு ஆள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கச் சோம்பல்பட்டு அள்ளிப் போடுவதற்கு "கவரேஜ்" என்று பெயர் வைக்காதீர்கள்.

இந்த ஐந்தையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதற்கு டாக்கா வரை போக வேண்டும்.

2016 பிப்ரவரி. பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் கணினிக்குள் நுழைந்தவர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். பெரும்பகுதி நின்றுபோனது. 2 கோடி இலங்கைக்குப் போய், பெயரில் ஒரு எழுத்துப் பிழையால் மாட்டிக்கொண்டு திரும்பியது. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இதெல்லாம் ஊருக்கே தெரியும்.

அந்த வங்கியில் ஒவ்வொரு ஸ்விஃப்ட் பரிவர்த்தனையும் ஒரு பிரிண்டரில் தானாக அச்சாகி விழும் ஏற்பாடு இருந்தது. ஸ்டோல் செய்த அதே ஏற்பாடு! காகிதத்தில், தனியாக! ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே பிரிண்டருக்குச் செய்தியைக் கொடுத்ததே திருடர்கள் கைப்பற்றிய கணினிதான். அவர்களுடைய மென்பொருள் தரவுத்தளத்தில் இருந்த பதிவுகளை அழித்தது, அச்சையும் முடக்கியது. மறுநாள் காலை தட்டு காலி. வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை. வந்து பார்த்தவர்கள் பிரிண்டர் வழக்கம்போல் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தார்கள்.

இன்னொன்று. அந்த வங்கியில் ஃபயர்வால் இல்லை, பத்து டாலர் பெறுமான பழைய ஸ்விட்சுகளைப் போட்டிருந்தார்கள், அதனால் திருடர்கள் என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிப்பதே கடினமாக இருக்கிறது என்று விசாரணை அதிகாரி அந்த வருஷமே சொன்னார். நாட்டின் கஜானாவைக் காக்கும் நெட்வொர்க்குக்கு ஞாபகம் என்பதே இல்லை.

வெற்றுத் தட்டைப் பார்த்து ஏன் யாருக்கும் பதறவில்லை? ஏனென்றால் வந்ததைப் படிக்க ஆள் இருந்தது, வராததைக் கவனிக்க ஆள் இல்லை. எந்தக் கடையிலும், எந்தக் கல்லூரியிலும் லாக் ஷிப்பரின் கதை இதுதான். போட்ட அன்றைக்கு வண்ண வண்ணமாகத் திரையில் கோடுகள் ஓடும், முதலாளி கைகொடுப்பார். மூன்றாம் மாதம் யாரோ ஒரு ஸ்விட்சை மாற்றுவார்கள், புதியதில் முகவரி போட மறந்திருப்பார்கள். ஐந்தாம் மாதம் ஒரு ஃபயர்வால் விதி மாறும், போர்ட் அடைபடும். ஒரு பிழைச் செய்தியும் வராது. திரையில் கோடுகள் கொஞ்சம் மெலிந்திருக்கும், அவ்வளவே. "அலர்ட் எதுவும் வரல, எல்லாம் நல்லா இருக்கு" என்று அறிக்கை போகும்.

இதற்கு மருந்து எங்கள் புத்தகத்தில்தான் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் உயிரை எடுத்த அந்த வங்கிச் சரிகட்டும் பட்டியல்! நம் ஏடு ஒரு பக்கம், வங்கிப் பதிவு மறு பக்கம், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று வரி வரியாகக் கேட்பது. இங்கேயும் அதேதான். ஒரு பக்கம் நம்மிடம் உள்ள கருவிகளின் பட்டியல், பொருள் இருப்புப் பதிவேட்டில் உள்ளபடி. மறு பக்கம் கடந்த 24 மணி நேரத்தில் ஒரு வரியாவது அனுப்பிய கருவிகளின் பட்டியல். முதலில் இருந்து இரண்டாவதில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வேண்டும். தினமும் வேண்டும். இரண்டாவதில் இருந்து முதலில் இல்லாத கருவி இருந்தால் இன்னும் சுவாரசியம்: அது யார் கொண்டுவந்து மாட்டியது? லினக்ஸில் லாகர் என்று ஒரு கட்டளை உண்டு, நாம் சொல்கிற வரியை லாக்கில் எழுதும். மணிக்கு ஒரு தடவை "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று எழுத வைத்து, அது மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு தடவை சேகரிப்பானின் கேபிளைப் பிடுங்கி, அரை மணி கழித்து மாட்டி, அந்த அரை மணியின் வரிகள் வந்து சேர்ந்தனவா என்று எண்ணுங்கள். வராவிட்டால் உங்களிடம் இருப்பது ஷிப்பர் அல்ல, அலங்காரம்.

இந்தப் பட்டியலைப் போடுகிறவர் ஷிப்பரை நிறுவியவராக இருக்கக் கூடாது. சர்வரின் அட்மினுக்கு லாக் கிடங்கில் அழிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. "எங்களிடம் இருப்பதே ஒரே சிஸ்டம்காரர்" என்று சின்னக் கடைக்காரர்கள் சொல்வார்கள். நியாயம். அப்படியானால் பட்டியலை முதலாளி பார்க்கட்டும், அல்லது கணக்கு எழுதுகிறவர் பார்க்கட்டும். இரண்டு பட்டியலை ஒப்பிட இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம். செலவு என்பார்கள். ஒரு பழைய கணினியும் பெரிய வட்டும் போதும். ஆயுத பூஜைக்கு அந்த சர்வருக்குப் பொட்டு வைக்கிற கடையில் இதற்கு மனசு வராதா?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக. 2022 ஏப்ரல் 28ல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆறு மணி நேரத்தில் எதைச் சொல்வது, லாக்கே இல்லாவிட்டால்? கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியோடு எடிட் லாக் இருக்க வேண்டும், அதை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அது இருந்ததா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். ஆகவே நண்பா, "டெபிட்டு கிரெடிட்டு எழுதுறவனுக்கு எதுக்குடா லாக்கு" என்று இனிமேல் கேட்காதே. சட்டமே எங்களிடம்தான் கேட்கிறது :-)

ஆனால் சட்டத்தின் பேரைச் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. சட்டத்துக்காகச் செய்கிறவர் 180 நாள் கோப்பைச் சேர்த்து வைப்பார், ஒரு நாளும் திறக்க மாட்டார். என் வாதம் எளிமையானது. ஒரு இடத்தில் ஏதோ தப்பு நடக்கும்போது யார் செய்தார்கள் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பதிலை ஏடு சொல்ல வேண்டும். ஏடு சொல்லாவிட்டால் பதவியில் பெரியவர் சொல்வார். அவர் தன் பெயரைச் சொன்னதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நம்மில் பல பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் தணிக்கைக்குப் போய் உட்காரப் போகிறோம். ரொக்கத்தை எண்ணுவோம், சரக்கை எண்ணுவோம். அன்றைக்கு அந்த சிஸ்டம்காரரைக் கூப்பிட்டு மூன்றே மூன்று கேளுங்கள். லாக் எங்கே போகிறது? அதை அழிக்க யாரால் முடியும்? நேற்று எந்தக் கருவியிலிருந்து வரவில்லை? மூன்றாவது கேள்விக்குப் பட்டென்று பதில் வந்தால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். "எல்லாம் வந்துட்டுதான் சார் இருக்கு" என்று இழுத்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்காருங்கள். அன்றைய தணிக்கை அந்த மேசையில்தான்.